அவர் சட்டையில் சாக்லேட் வாசனை

புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறிய வருஷம்தான் எனக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்தது. ஊரே எந்தக் கொடி, எந்தச் சட்டம், இனி எந்தக் காசு என்று பேசிக்கொண்டிருந்தது. நான் ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, இனி இந்த ஜென்மத்துக்கு இனிப்பு கிடையாது என்று டாக்டர் சொன்னதையே நினைத்துக்கொண்டிருந்தேன். கல்யாணமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. பிள்ளை இல்லை. தவலைத் தண்ணீரைக் குடித்தும் தாகம் அடங்காமல், ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று போன பிறகுதான் என் வீட்டுக்காரர் என்னை அங்கே அழைத்துக்கொண்டு போனார்.

லட்டு போனது, ஜிலேபி போனது. அதற்கெல்லாம் நான் அழவில்லை. எனக்குப் போனது சாக்லேட்.

முதலியார்பேட்டையில் மில் தொழிலாளி வீட்டுப் பெண்ணுக்குச் சாக்லேட் எங்கிருந்து தெரியும் என்று கேட்கலாம். டவுனில் கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் நான் கொஞ்ச வருஷம் படித்தேன். பண்டிகை நாட்களில் நாலு மணிக்கு எங்களை வரிசையாக நிற்கவைத்து ஆளுக்கொரு துண்டு நீள ரொட்டி கொடுப்பார்கள். ரொட்டியைப் பிளந்து, நடுவில் ஒரு சாக்லேட் பாளத்தைச் செருகியிருப்பார்கள். ரொட்டியின் மேல்பாகம் மொறுமொறுவென்று இருக்கும். உள்ளே இருக்கும் சாக்லேட் முதலில் கசக்கும். பொறுமையாக இருந்தால் பிறகு இனிக்கும். வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளைக்காரர் தெருக்களில் இருந்த பிள்ளைகளும், பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்த சொல்தா வீட்டுப் பிள்ளைகளும் இதைத் தினமும் தின்றார்கள். எங்களுக்குப் பண்டிகைக்குப் பண்டிகைதான். முன் பெஞ்சுப் பிள்ளைகளின் உதட்டோரத்தைப் பார்த்து வயிறெரிந்தே நான் பிரெஞ்சு எழுத்துப் படித்தேன். சர்க்கரைதான் நடுவில் வந்த வியாதி. பொறாமை எனக்குச் சின்ன வயசிலிருந்தே உண்டு.

என் வீட்டுக்காரர் தையற்காரர். பெரிய மார்க்கெட் பக்கம் சின்னக் கடை. பிரெஞ்சு வீட்டுச் சீமாட்டிகளான மதாம்களுக்கு கவுன் தைப்பதில் கெட்டிக்காரர் என்று பேர். அவருடைய அப்பாவும் அதே தொழில்தான். அளவெடுக்கப் போகும்போது மகனையும் கூட்டிப்போவார். மதாம்கள் பையன் கையில் நாலு மணி ரொட்டியைக் கொடுப்பார்கள். இதையெல்லாம் கல்யாணமான புதிதில் அவரே என்னிடம் சொன்னார். ஊரில் எத்தனையோ மாப்பிள்ளைகள் இருக்க, என் ருசி தெரிந்த ஒருவர் எனக்கு வந்து வாய்த்திருக்கிறார்! எங்கள் தெருவில் மற்றப் புருஷன்மார் மல்லிகைப்பூ வாங்கி வருவார்கள். இவர் சட்டைப் பைக்குள் சாக்லேட் வைத்துக்கொண்டு வருவார். மாமியார் கண்ணில் படாமல் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தின்போம். உடைப்பது அவர் வேலை. பெரிய துண்டு எப்போதும் எனக்கு.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரும் வழியில், நெல்லித்தோப்பில் எங்கள் தெருமுனைப் பிள்ளையார் கோயிலில் என்னை நிறுத்தினார். கற்பூரம் ஏற்றி, என் கையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

"இவளுக்கு இல்லாதது எனக்கும் வேணாம். இனிமே எங்க வூட்டுல சர்க்கரையே கிடையாது."

வீட்டுக்கு வந்ததும் சர்க்கரை டப்பா, வெல்லப் பானை எல்லாவற்றையும் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். மாமியாருக்குக் காப்பி கசந்தது. "புள்ள இல்லாத வூட்டுல இப்ப வெல்லமும் இல்லியா?" என்று துணிமூட்டையைக் கட்டிக்கொண்டு பெரிய மகன் வீட்டுக்குப் போய்விட்டார். தெருவில் இருந்த பெண்களெல்லாம் என் புருஷனைப் புகழ்ந்து தீர்த்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. டாக்டர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். ஊசி போட்டுக்கொண்டு சாப்பாடு தாமதமானால் வியர்க்கும், கைகால் உதறும். அப்போது வாயில் போட ஒரு பிடி சர்க்கரை எப்போதும் வீட்டில் இருக்க வேண்டும் என்று. இரண்டு பேர் காதிலும்தான் விழுந்தது. கற்பூரம் எரிந்த சந்தோஷத்தில் இரண்டு பேருமே மறந்துபோனோம்.

தினமும் காலையில் அவர்தான் எனக்கு ஊசி போடுவார். கண்ணாடிக் குழாயையும் ஊசியையும் வெந்நீரில் கொதிக்கவைத்து, மருந்துப் புட்டியை ஈரமணல் பானையிலிருந்து எடுத்து, தொடையில் குத்துவார். பட்டுத் துணியில் ஊசி ஏற்றிப் பழகிய கை, வலி தெரியாது. பிறகு நான் என் மூத்திரத்தைப் பரிசோதிப்பேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த நீலத் தண்ணீரைச் சோதனைக் குழாயில் ஊற்றி, மூத்திரம் சில சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்ட வேண்டும். நீலமாகவே இருந்தால் நல்லது. பச்சை பரவாயில்லை. மஞ்சள் என்றால் எதையோ தின்றிருக்கிறேன் என்று அர்த்தம். செங்கல் நிறம் வந்தால் அன்றைக்கு வீட்டில் யாரும் பேச மாட்டோம்.

ஆசையை அடக்க எனக்கென்று சில வழிகள் இருந்தன. நெல்லிக்காயைக் கடித்து மென்று, மேலே தண்ணீர் குடித்தால் நாக்கில் ஒரு தித்திப்பு வரும். அது யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாத தித்திப்பு. பழைய சாக்லேட்டின் வெள்ளிக் காகிதம் ஒன்றை நகத்தால் நீவி, பவுடர் டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். நாலு மணிக்கு மில் சங்கு ஊதும்போது பழக்கதோஷத்தில் வாய் ஊறும். டப்பாவைத் திறந்து ஒருமுறை முகர்ந்து மூடிவிடுவேன். நாளாக நாளாக அதில் பவுடர் வாசனைதான் மிஞ்சியது. ஆனாலும் தாங்கிக்கொண்டேன். என்னோடு சேர்ந்து ஒருவர் வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறாரே என்ற தைரியம்.

அப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் துவைப்பதற்கு அவர் சட்டையை எடுத்தேன். சாக்லேட் வாசனை. முகர்ந்தேன், மறுபடி முகர்ந்தேன். பையில் ஒன்றுமில்லை. அடுத்த வாரம் கைக்குட்டையில் ஒரு பழுப்புக் கறை. அதற்கடுத்த வாரமும். நான் அவரிடம் கேட்கவில்லை. கடைக்குப் பக்கத்தில் பித்தளைப் பாத்திரம் விற்கிற அம்மாவிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன்.

"உன் வூட்டுக்காரரா? நாலு மணிக்கு முன்னாடியே கடைய சாத்திகினு வாய்க்கா தாண்டிப் போறாரே. அந்த சொல்தா வூட்டு மதாமுக்கு அப்படி இன்னாதான் தைக்கிறாரோ!"

அந்த மதாம் யார் என்று எனக்குத் தெரியும். நம்மூர்க்காரிதான்; புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் எங்கோ கடல் தாண்டி இருந்தார். அவள் தனியாக இருந்தாள். அவளுக்கு இவர் தைத்த கவுன்களுக்கு நான்தான் கொக்கி வைத்துக் கொடுப்பேன். இடுப்பளவு எனக்கு மனப்பாடம். என்னுடையதைவிட இருமடங்கு. இருந்தாலும் என் மனசு அவளை ஒல்லியாக்கி, உதட்டுக்குச் சாயம் பூசி, நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்காரவைத்தது. அவள் கையாலேயே என் புருஷன் வாயில் சாக்லேட்டை வைத்தது.

வயிறு பற்றி எரிந்தது. நானோ பிள்ளை இல்லாதவள், நோயாளி. இரண்டாம் தாரம் என்பது எங்கள் தெருவுக்குப் புதிதல்ல. மாமியார் வேறு ஒருதரம் வந்தபோது, யாரோ ஒரு பெண்ணுக்கு நல்ல கூந்தல் என்று எதற்கோ சொல்லிவிட்டுப் போயிருந்தார். காலையில் அவர் ஊசியோடு வரும்போது, 'இந்தக் கை நேற்று எங்கே இருந்தது' என்று பார்ப்பேன். அந்த வாரம் என் குழாய் எனக்கு மஞ்சளே காட்டியது. கவலைக்கும் சர்க்கரை ஏறும் என்று பிற்பாடு டாக்டர் சொன்னார்.

ஒருநாள் மூன்று மணிக்கு வீட்டைப் பூட்டினேன். வெயிலில் நடந்தே போனேன். வாய்க்காலைத் தாண்டியதும் தெரு சுத்தமாக, சத்தமில்லாமல் இருந்தது. என் செருப்புச் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. மதாம் வீட்டுக் கதவைத் தட்டியபோது நாலு மணிச் சங்கு தூரத்தில் ஊதியது.

கதவைத் திறந்த மதாமுக்கு ஐம்பது வயதுக்குக் குறையாது. முழங்கால் வீங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"யாரும்மா?"

"தையக்காரர் சம்சாரம்."

"அட, நீதானா! வா வா. பின்னால கீறாரு."

பின்கட்டுத் தாழ்வாரத்தில், தண்ணீர்த் தொட்டி ஓரம் ஒரு முக்காலியில் என் புருஷன் உட்கார்ந்திருந்தார். தனியாக. கையில் பாதி ரொட்டி. ரொட்டிக்குள் சாக்லேட். என்னைப் பார்த்ததும் மெல்வதை நிறுத்தினார். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் மனசில்லை.

மதாமுக்கு ஒன்றும் புரியவில்லை. கள்ளமில்லாமல் பேசிக்கொண்டே போனாள். "வூட்டுல வச்சுச் சாப்பிட்டா உனக்கு ஏக்கமா இருக்குமாம். அதான் இங்க வந்து சாப்ட்டுட்டுப் போறாரு. எங்க வூட்டுக்காரரு கப்பல்ல வர்றவங்ககிட்ட பெட்டி பெட்டியா குடுத்தனுப்புறாரு. எனக்குப் பல்லு கூசுது. யாராவது தின்னா சரி. தினம் உன் பேச்சுதான் போ!"

நிம்மதியாக இருந்தது. வாசல் படி இறங்கும்வரை இருந்தது. தெருவுக்கு வந்ததும் இரண்டு மடங்கு கோபம் வந்தது. அவர் நாலடி பின்னால் வந்தார்.

"தப்பா நெனச்சுக்காத. வேற ஒண்ணும் இல்ல, பாத்தியில்ல?" என்றார்.

"பாத்தேன். பொம்பளையா இருந்திருந்தா நாலு வார்த்த கேட்டுட்டு வுட்டிருப்பேன்."

"பின்ன?"

"சாக்லேட்டுங்க! எனக்குத் தெரியாம! அதுவும் நாலு மணி ரொட்டியில வச்சு!"

பேச்சு அழுகையாகிவிட்டது. ஒரு பெண்ணோடு போட்டி போட எனக்குத் தெம்பு இருந்தது. அவளிடம் இல்லாதது ஏதாவது என்னிடம் இருக்கும். சாக்லேட்டோடு நான் எப்படிப் போட்டி போடுவது? அது எனக்கும்தானே வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பேர் தின்றதை அவர் தனியாகத் தின்கிறார். என்னை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்திவிட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"உனக்கு ஏக்கமா இருக்கும்னுதான..."

"ஏக்கம் என்னுது. அத நான் பாத்துக்கறேன். நாளையிலருந்து வூட்டுக்குக் கொண்டாந்து என் எதிர்ல உக்காந்து தின்னுங்க."

"புள்ளையார்கிட்ட சொன்னது?"

"இத்தன நாளு புள்ளையாருக்குத் தெரியாமத்தான் தின்னீங்களா?"

மறுநாளிலிருந்து அப்படியே நடந்தது. நாலு மணிக்கு அவர் வந்து பாயில் உட்காருவார். நான் எதிரே நெல்லிக்காயோடு உட்காருவேன். அவர் ரொட்டியைப் பிளந்து சாக்லேட்டை வைப்பார். முதல் சில நாள் தலையைக் குனிந்துகொண்டு அவசர அவசரமாக விழுங்கினார். நான் விடவில்லை.

"எப்படி இருக்குது?"

"சுமாராத்தான் இருக்குது."

"பொய் சொல்லாதீங்க. ஒழுங்கா சொல்லுங்க."

பாவம், கவுனுக்கு மடிப்பு வைக்கத் தெரிந்த மனுஷருக்கு வார்த்தை வைக்கத் தெரியவில்லை. மெல்லக் கற்றுக்கொண்டார். இன்றைக்கு ரொட்டி கொஞ்சம் காய்ந்திருக்கிறது, அதனால் சாக்லேட் முதலில் பல்லில் தட்டுகிறது என்பார். இப்போது ஓரம் கரைகிறது என்பார். கசப்பு போய்விட்டது, இப்போதுதான் வருகிறது என்று கண்ணை மூடுவார். அந்த இடத்தில் எனக்கு அவரைக் கிள்ள வேண்டும்போல இருக்கும். கிள்ளியும் இருக்கிறேன். ஆனால் ஒன்று, அப்படிக் கேட்டுக்கொண்டே நெல்லிக்காயை மென்று தண்ணீர் குடித்தால் ஆசை ஓரளவு அடங்கியது. என் குழாயும் நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவில் நின்றது. வெள்ளிக் காகிதத்தைத் தூக்கி எறிந்துவிட்டேன். பொறாமை மட்டும் போகவில்லை. இவர் வாய் மட்டும் என்ன உசத்தி, எனக்கு வந்தது இவருக்கு வந்தால் தெரியும் என்று எத்தனையோ நாலு மணிக்கு நினைத்திருக்கிறேன்.

இப்படியே இரண்டு வருஷம் போயிருக்கும். அவர் தன் சட்டைகளைத் தானே பிரித்துச் சின்னதாக்கித் தைப்பதைப் பார்த்தேன். தண்ணீர்த் தவலை முன்போல் சீக்கிரம் காலியானது. நான் அவ்வளவு குடிப்பதில்லை. ஒருநாள் காலை என் குழாயைக் கழுவி வைத்தபோது, "இந்தாங்க, இன்னிக்கு உங்களுதையும் பாத்துருவோம்" என்றேன். விளையாட்டாகச் சொன்னதுபோல்தான் சொன்னேன். அவரும் சிரித்துக்கொண்டே போய் எடுத்து வந்தார்.

ஸ்பிரிட் விளக்கில் காட்டினேன். நீலம் பச்சையாகி, மஞ்சளில் நிற்காமல், நேராகச் செங்கல் நிறத்துக்குப் போனது.

எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. அதை எதற்கு மறைக்க வேண்டும்? இனி ஆளுக்கொரு நியாயம் இல்லை. அப்புறம்தான் அவர் முகத்தைப் பார்த்தேன். குழாயையே பார்த்துக்கொண்டு, "இது உன்னுதா என்னுதா?" என்று கேட்டார். விளக்கை ஊதி அணைத்தேன். நான் படுத்தால் பார்க்க அவர் இருந்தார். அவர் படுத்தால்?

அதே டாக்டர்தான் பார்த்தார். அந்த வயசில் வருவதற்கு ஊசி வேண்டாம், புதிதாக மாத்திரை வந்திருக்கிறது, வாயைக் கட்டினால் போதும் என்றார்.

வெளியே வந்ததும் நான் கேட்டேன். "அதென்ன, உங்களுக்கு மட்டும் மாத்திரை?"

"வியாதியிலயுமா பொறாம?" என்றார் அவர்.

"ஆமா. எனக்குத் தொட முழுக்கத் தழும்பு. உங்களுக்குத் தண்ணி குடிச்சா தீந்துது."

நாலு மணி ரொட்டி நின்றுபோனது. இப்போது வீட்டில் நிஜமாகவே ஒரு பொட்டு இனிப்பு இல்லை. சங்கு ஊதினால் இரண்டு பேரும் நெல்லிக்காய் தின்றோம். அவருக்கு அதில் தித்திப்பே தெரியவில்லை என்றார். எனக்குத் தெரிகிறதே என்று கொஞ்சம் கர்வமாக இருந்தது.

எந்த நாட்டுப் பிரஜை என்று எழுதிக்கொடுக்கச் சொன்னபோது, பிரெஞ்சுப் பிரஜையாகவே இருப்பது என்று முடிவு செய்து மதாம் புருஷனிடம் கப்பலேறினாள். புறப்படுமுன் கடைசியாக ஒரு கவுன் தைத்துக்கொண்டு, பெரிய சாக்லேட் பாளம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனாள். எங்கள் இரண்டு பேர் கதையும் அவளுக்குத் தெரியும். "தின்னாதீங்க. என் ஞாபகமா வச்சிருங்க" என்று சிரித்தாளாம். என்ன பெண்பிள்ளை! தையல் மிஷின் இழுப்பறையில் அதை வைத்தோம். அன்றிலிருந்து வீட்டில் போலீஸ் வேலை ஆரம்பமானது. நூல் எடுப்பதுபோல் அவர் இழுப்பறையைத் திறந்தால் நான் எட்டிப் பார்ப்பேன். பொத்தான் தேடுவதுபோல் நான் திறந்தால் அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிடுவார். உறை கலையாமல் இருந்தது. ஒருவர்மேல் ஒருவருக்கு இருந்த சந்தேகம்தான் அதைக் காப்பாற்றியது.

மாசி மகத்தன்று தெருவே கடற்கரைக்குப் போய்விட்டது. நாங்களும் போனோம். காலையில் ஊசி போட்டுக்கொண்டு இரண்டு இட்லி தின்றதுதான். சாமிகள் வரிசையாக வந்துகொண்டே இருந்தன; கூட்டத்தில் அகப்பட்டு மத்தியானச் சாப்பாடு தவறிவிட்டது. வீட்டுக்கு வந்து உலையை வைத்தேன். அரிசி களையும்போது கை உதறியது. முதுகில் வியர்வை வழிந்தது. அவரைக் கூப்பிட நினைத்தேன். நாக்கு தடித்து வேறு என்னவோ சத்தம் வந்தது. சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்தேன்.

அவர் ஓடிவந்து முகத்தைப் பார்த்தார். டாக்டர் சொன்னது இத்தனை வருஷம் கழித்து அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

"சர்க்கர! சர்க்கர எங்க?"

எங்கே இருக்கும்? அடுக்களையில் டப்பா டப்பாவாக உருட்டினார். உப்பு, புளி, மிளகாய். ஒரு பழம்கூட இல்லை. பக்கத்து வீட்டுக்கு ஓடினார், பூட்டு. எதிர் வீடும் பூட்டு. எல்லாரும் கடற்கரையில். "நானே தூக்கிக் குடுத்தேனே" என்று தெருவில் நின்று அவர் தலையில் அடித்துக்கொண்ட சத்தம் எனக்கு எங்கோ தூரத்தில் கேட்டது. பிறகு மிஷின் இழுப்பறை இழுபட்ட சத்தம்.

உறையைக் கத்தரிக்கோலால் வெட்டினார். உடைத்தார். என் தாடையைப் பிடித்து ஒரு துண்டை வாயில் வைத்தார். "மெல்லு. முழுங்கு. இந்தா, இன்னொண்ணு. முழுங்கு, முழுங்கிடு." முதலில் எனக்கு ருசியே தெரியவில்லை. மண்ணைத் தின்பதுபோல் இருந்தது. அடுத்த துண்டு. அதற்கடுத்தது. எத்தனை என்று தெரியாது. மெல்லக் கூரை தெளிந்தது, அவர் முகம் தெளிந்தது. அப்போதுதான் கசப்பு வந்தது; கசப்பு போய், அந்த நாலு மணிகளில் அவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்ன அந்த இடம் வந்தது.

நான் கண்ணை மூடவில்லை. அவரைத்தான் பார்த்தேன். அழுதிருந்தார். கன்னமெல்லாம் ஈரம். நான் பிழைத்துவிட்டேன் என்று தெரிந்து மூச்சு விட்டார். விட்ட பிறகு தன் விரலைப் பார்த்தார். விரல் சூட்டில் உருகி, நுனியில் சாக்லேட் ஒட்டியிருந்தது. அதை அவர் பார்த்த பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். முன் பெஞ்சுப் பிள்ளைகளை நான் பார்த்த பார்வை. பாயில் எதிரே உட்கார்ந்து நாலு மணிக்கு நாலு மணி அவரை நான் பார்த்த பார்வை.

"எப்படி இருக்குது?" என்று மெதுவாகக் கேட்டார்.

நாக்கு இன்னும் சரியாகத் திரும்பவில்லை. "சுமாராத்தான் இருக்குது" என்றேன்.

அவர் சிரித்தார். விரல் மெல்ல அவர் வாய்ப் பக்கம் போனது. நான் எட்டி மணிக்கட்டைப் பிடித்தேன். கையில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அந்த விரலை இழுத்து என் வாயில் வைத்து, ஒட்டியிருந்ததை மிச்சமில்லாமல் நானே தின்றேன்.